பௌத்தர்கள் எல்லோரும் ஓர் அச்சில் வார்த்தவர்கள் அல்லர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் தங்களைப் பௌத்தர் என்று பதிவு செய்துகொண்டவர்கள் 11,186 பேர். மகாராட்டிரத்தில் இந்த எண்ணிக்கை 65 லட்சம். வளவனூர் தொடங்கி திண்டிவனம் வரை நம் காலனிகளில் அம்பேத்கர் படத்தருகே புத்தர் படம் மாட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு, 11,186 என்பது நம்ப முடியாத எண்ணாகவே தோன்றும். இந்த இடைவெளி ஏன் வந்தது?

நாம் அறிந்த பௌத்தர்கள் பலவகைப்பட்டவர்கள். இருபத்திரண்டு உறுதிமொழிகளையும் ஏற்று, சாமி படங்களை இறக்கிவைத்து, பிள்ளைகளின் திருமணத்தைப் பஞ்சசீலம் சொல்லி நடத்தியவர்கள் உண்டு. வைகாசிப் பௌர்ணமியில் புத்த வந்தனம் சொல்லிவிட்டு, ஆடியில் மாமியாரோடு சேர்ந்து மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பெண்கள் உண்டு. கோலார் தங்கவயலில் உழைத்த பாட்டனிடமிருந்து பௌத்தத்தைப் பெற்றவர்கள் உண்டு. தியான வகுப்புக்குப் போய் வந்தவர்கள், புத்தகம் படித்து வந்தவர்கள், கணவர் இந்துவாகவே இருக்கத் தான் மட்டும் பௌத்தம் ஏற்றவர்கள் என்று இந்தப் பட்டியல் நீளும்.

இவர்களில் யார் உண்மையான பௌத்தர் என்ற சண்டை நம் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. கூழ் ஊற்றிய பெண்ணை ஏளனம் செய்யும் தோழர்கள் நம் முன்னோடிகளையே சற்று நினைத்துப் பார்க்கட்டும். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர், நம் மக்கள் கொண்டாடிவந்த தீபாவளிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் பௌத்த விளக்கம் தந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தீட்சை பெற்ற அண்ணல் அம்பேத்கரோ இந்துக் கடவுளரை வணங்குவதில்லை என்று மக்களை உறுதியேற்கச் செய்தார். ஒருவர் விழாக்களை மீட்டார். மற்றவர் விட்டு விலகச் சொன்னார். சாதி இழிவிலிருந்து விடுபடுவதே இருவரின் நோக்கமும். இந்த இரண்டு வழியும் இன்று நம் வீடுகளில் அக்கம்பக்கமாக வாழ்கின்றன.

ஆனால் கணக்கில் எண்ணிக்கை குறைவதற்கு வழிபாட்டு வேறுபாட்டைவிடப் பெரிய காரணம் அச்சம். பௌத்தர் என்று எழுதினால் பிள்ளையின் சாதிச் சான்றிதழ் போய்விடும், படிப்பும் வேலையும் கெடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஒரு காலத்தில் இது நியாயமான அச்சம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டுமே பொதுவாக ஏற்றது. 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். பௌத்தர்களுக்கு 1990இல், வி.பி.சிங் ஆட்சியில்தான், சட்டத்திருத்தம் மூலம் அந்த உரிமை கிடைத்தது. அதன்பின் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் பௌத்தர் ஆனார் என்பதற்காக அவரது பட்டியல் சாதித் தகுதியை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தச் செய்தி பல தெருக்களுக்கு வந்து சேரவில்லை.

2027 கணக்கெடுப்பில் மதத்தோடு எல்லாச் சாதிகளும் கேட்கப்படவிருக்கின்றன. அதற்குள் மூன்று வேலைகள் நடக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் கணக்கெடுப்பாளர்களுக்கும் 1990 திருத்தத்தை மாவட்ட நிர்வாகம் தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டும். வீட்டாரிடம் கேட்காமலே ‘இந்து’ என்று குறித்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இடம் தரக்கூடாது. நம் அமைப்புகள் வீடு வீடாகச் சென்று சட்டத்தை விளக்குவதோடு, ஒவ்வொருவரும் பௌத்தத்துக்கு வந்த கதையையும் கேட்டு எழுதிவைக்க வேண்டும். தங்கவயல் நினைவுகளைச் சொல்லும் முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பௌத்தர் என்று பதிவதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. பதிய விரும்புகிறவர் பயத்தால் வாய் மூடி நிற்கக்கூடாது. பதிகிறவரிடம், ‘நீ எவ்வளவு பௌத்தர்?’ என்று நம்மில் யாரும் அளவுகோல் நீட்டவும் கூடாது.