குழந்தையை அனுப்பலாமா?

கடைக்காரர் 80 ரூபாய் என்பார். நாம் 40 என்போம். அவர் பிள்ளை குட்டிகள் மீது சத்தியம் செய்வார். நாம் பத்தடி நடப்போம். அவர் கை தட்டிக் கூப்பிடுவார். முடிவில் 60-க்குப் படியும். இந்த நாடகத்தில் நமக்குக் கொஞ்சம் உற்சாகம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம், 50-க்கே கேட்டிருக்கலாமோ என்ற சந்தேகம் கூடவே வருகிறது. கடைக்காரருக்கோ, 70-ல் நின்றிருக்கலாமே என்ற ஏக்கம்.

17-வது நூற்றாண்டில் இங்கிலாந்தில் குவேக்கர் என்னும் சமயக் கூட்டத்தார் தோன்றினர். ஒரு விலை சொல்லி வேறு விலைக்கு விற்பது பொய் பேசுவதேயாகும் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே, முதலில் சொன்னதே முடிவான விலை. இதோடு நின்றார்களா? யாருக்கும் தொப்பியைக் கழற்றி வணங்கமாட்டார்கள். மரியாதைப் பன்மையும் பேசமாட்டார்கள். நம் ஊரில் எந்தக் கடைக்காரராவது வருகிறவர்களையெல்லாம் 'நீ' என்று அழைத்துப் பார்க்கட்டும்! அங்கேயும் வாடிக்கைக்காரர்கள் கோபித்துக்கொண்டு விலகினார்கள். சிலர் ரொட்டி வாங்கவும் காசில்லாமல் திண்டாடியதாக அவர்கள் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் எழுதி வைத்திருக்கிறார். பிறகு ஜனங்கள் ஒன்றைக் கவனித்தார்கள். அந்தக் கடைகளுக்குச் சிறு குழந்தையை அனுப்பினாலும், தாமே நேரில் போனால் கிடைக்கும் அதே விலையும் அதே சரக்கும் கிடைத்தன. அப்புறம் துணிக்கும் செருப்புக்கும் குவேக்கர் கடை எங்கே என்று தேடிப் போகலானார்கள்.

இனிய பேச்சு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. காய்கறியோடு கொசுறாக விழும் கறிவேப்பிலை யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் தராசுத் தட்டில் குறைத்ததைக் கொசுறால் ஈடு செய்ய முயல்வது வேறு விஷயம்.

சில சரக்குகளைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கவே முடியாது. கதர் அப்படிப்பட்டது. முரட்டுத் துணிக்கு அதிக விலை கொடுத்தவர்கள், அந்த நூலை ஏதோ ஒரு கிராமத்துப் பெண் கையால் நூற்றாள் என்று நம்பியே கொடுத்தார்கள். ஆலை முரட்டுத் துணியும் கதரென்ற பெயரில் கடைக்கு வந்தது. அதனால்தான், கையால் நூற்றுக் கையால் நெய்ததற்கே கதரென்ற பெயர் பொருந்தும் என்று 1934-ல் சட்டம் செய்ய நேர்ந்தது. விசைத்தறிச் சேலை கைத்தறியாக வேஷம் போடுவது இன்றும் நிற்கவில்லை. 2006-ல் கைத்தறி முத்திரை ஏற்பட்டது இதன் பொருட்டே. ஒரு முறை ஏமாந்தவர் அந்தக் கடையை மட்டுமா விடுகிறார்? கைத்தறியையே விட்டுவிடுகிறார். கடைக்காரர் செய்த மோசத்துக்கு, அவரைக் கண்ணாலும் கண்டிராத நெசவாளி தண்டனை அடைகிறார்.

வாங்குகிற நம் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. கண்ணாடி போட்ட பெரிய கடையில் சீட்டிலுள்ள விலையை வாய் திறவாமல் கொடுக்கிறோம். வாசலுக்கு வரும் கீரைக்காரியிடம் 5 ரூபாய் குறைக்கிறோம். இதை எதிர்பார்த்தே அவளும் 5 ரூபாய் ஏற்றிச் சொல்கிறாள். பேரத்தை முதலில் விடவேண்டியவர் யார்? இங்கிலாந்தில் விற்றவர்களே விட்டார்கள். கஷ்ட காலத்தையும் தாங்கினார்கள். கீரைக்காரிக்கோ ஒரு வாரம் வியாபாரமின்றி இருக்க வசதியில்லை. ஆகையால் அவள் விஷயத்தில் முதலில் விடவேண்டியவர்கள் நாமே.