மைதான ஓரத்தில் ஓர் ஆசிரியர்



விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு, பிள்ளைகள் பிழைப்பிற்காகக் கடல் கடந்து செல்வது புதிய செய்தியன்று. வளைகுடாவிற்குச் சென்றோரைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறோம். ஆப்பிரிக்காவிற்கு ஆசிரியர்களாகச் சென்றோரைப் பற்றிப் பேசுவதுதான் குறைவு. எத்தியோப்பியாவிலும் நைஜீரியாவிலும் பள்ளிக்கூடங்கள் பெருகிய காலத்தில், கணிதமும் அறிவியலும் கற்பிக்கத் தென்னாட்டிலிருந்து பலர் சென்றனர்.

அந்நாடுகளின் கிராமப் பள்ளியொன்றில் புதிதாகச் சேரும் ஆசிரியரின் கண்ணில் மாலை நேரத்தில் படுவது பெரும்பாலும் கால்பந்தாட்டமே. கந்தல் துணியையும் பிளாஸ்டிக் பைகளையும் சுருட்டிக் கயிற்றால் இறுக்கிய பந்து, நட்டு வைத்த இரண்டு கொம்புகளே கோல் கம்பம், வெறுங்கால்கள். ஊர் மொழி அறியாத அந்நியருக்கு அந்த மைதானமே ஊருக்குள் நுழையும் வாசல். நல்ல பந்து ஒன்றும் காற்றடிக்கும் பம்பு ஒன்றும் வாங்கிக் கொடுத்து, வெயிலில் ஓரமாக நின்று கைதட்டுகிறவரின் வகுப்பில், கடைசி வரிசைப் பையனும் மறுநாள் நிமிர்ந்து உட்காருவான்.

டெனிஸ் ஸ்லாட்டரி என்பவர் அயர்லாந்திலிருந்து 1941இல் நைஜீரியாவிற்குச் சென்ற பாதிரியார். 1956இல் லாகோஸில் புனித ஃபின்பார் கல்லூரி என்னும் உயர்நிலைப் பள்ளியை நிறுவினார். (லாகோஸ் கிராமமன்று, பெருநகரம்தான், எனினும் அவர் செய்த வேலை எவ்வூருக்கும் பொருந்தும்.) படிப்பு, கால்பந்து, ஒழுக்கம் மூன்றையும் அவர் பிரிக்கவே இல்லை. பந்தை நன்றாக உதைக்கிறான் என்பதற்காக மட்டும் எவனையும் பள்ளியில் சேர்த்துக்கொள்வதில்லை. தேர்வில் பார்த்து எழுதியவன் அணியின் நட்சத்திரமாயினும் வெளியே போகவேண்டியதுதான். அப்பள்ளியில் படித்த ஹென்றி நுவோசு, 1980இல் ஆப்பிரிக்கக் கோப்பையை முதன்முதலாக வென்ற நைஜீரிய அணியில் பதின்ம வயதிலேயே இடம்பெற்றார். அங்கே படித்த ஸ்டீஃபன் கெஷி அதே கோப்பையை 1994இல் அணித்தலைவராகவும் 2013இல் பயிற்சியாளராகவும் வென்றார்.

இதெல்லாம் அயலாரின் கதை என்று எண்ணிவிடாதீர்கள். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் சையது அப்துல் ரஹீம் சாஹிப். அவர் பயிற்றுவித்த இந்திய அணி 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தியபோது அவருடைய உடலில் புற்றுநோய் குடிகொண்டிருந்தது. 1963 ஜூனில் காலமானார். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஏழைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராமனைக் கண்டெடுத்தவரும் அவரே. பயிற்சிக்கு வந்துபோக வழியில்லை என்று அந்த இளைஞன் தயங்கியபோது, வாடகை சைக்கிளுக்குப் பணம் கொடுத்து வரவழைத்தார். தங்கப் பதக்கத்தைவிட அந்தச் சைக்கிள் வாடகையைத்தான் நான் அதிகம் எண்ணிப் பார்க்கிறேன். திறமை எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. மைதானம் வரை போகும் செலவுதான் இருப்பதில்லை.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் இறுக்கமானது. 2011இல் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஈரான் பெண்கள் தலையை மறைத்த உடையோடு வந்ததனால், ஜோர்டானுக்கு எதிராக ஆடவே அனுமதிக்கப்படவில்லை. 2014இல் அத்தடை நீங்கியது. 2023 உலகக் கோப்பையில் ஆப்பிரிக்க நாடான மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாப் அணிந்தே களமிறங்கினார். ஆகவே “உடைக்காகத்தான் வேண்டாம் என்கிறோம்” என்னும் பதில் இனி நிற்காது. பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் நம்மோடு இருந்த கடலூர், இந்துமதி கதிரேசனை இந்திய அணிக்குத் தந்திருக்கிறது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் விளையாட்டு வகுப்பைக் கணக்கு வகுப்பு விழுங்கிவிடும். நம் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் இதுவே வழக்கம். இதைப் பெற்றோர் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது? திண்டிவனத்துப் பிள்ளை போட்டிக்காக விழுப்புரம் போகவேண்டுமென்றால், “வேண்டாம்” என்று சொல்லுமுன் உடற்பயிற்சி ஆசிரியரிடம் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். உடன் வருபவர் யார்? பஸ் கட்டணம் யாருடையது? மஃரிபுக்குள் திரும்பிவிட முடியுமா? பெண்பிள்ளையாயின், ஒரே தெருவில் நான்கு பிள்ளைகள் ஆடினால், நான்கு தாய்மாரும் வாரத்திற்கு ஒருவராக முறைவைத்து உடன் சென்று வரலாம். பயிற்சி முடியும் வரை மைதான ஓரத்தில் உட்கார்ந்திருக்கலாம்; ஆட்டம் புரியாவிட்டாலும் பாதகமில்லை.