அப்பா கட்டின வீட்டு பைப்புக்கும் ஒரு ஆர்.டி. போடுங்க

நீங்க சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருக்கீங்க, அப்பா அம்மா சின்னசேலத்தில் சொந்த வீட்டில் இருக்காங்க. அடுத்த முறை ஊருக்குப் போனா, காலையில் குழாயைத் திறந்ததும் வர்ற முதல் தண்ணியை ஒரு வெள்ளை மக்கில் பிடிச்சுப் பாருங்க. செம்மண் நிறத்தில் இருந்தா, உங்க மாச பட்ஜெட்டில் புதுசா ஒரு வரி சேரப்போகுது.

பழைய வீடுகளில் சுவருக்குள்ள ஓடுறது பெரும்பாலும் ஜி.ஐ. பைப். இரும்புக்கு மேல துத்தநாகப் பூச்சு. அது தேய்ஞ்சதும் உள்ளே துரு ஏறும். மரை வெட்டின இடத்தில் பூச்சும் இல்லை, கனமும் குறைவு. அதனால பெரும்பாலும் முதல்ல கசியறது ஜாயின்ட்தான். போர் தண்ணி உப்பா இருந்தா படிவமும் சேரும். உள்விட்டம் பாதியானா தண்ணி போற வழி கால்வாசியாயிடும்.

கசிஞ்ச இடத்தை மட்டும் வெட்டி மாத்தினா சிக்கனம்னு நினைக்கிறோம். இல்லைங்க, அதுதான் இருக்கிறதிலேயே காஸ்ட்லி வழி. கொஞ்ச நாளில் அடுத்த ஜாயின்ட் கசியும். ஒவ்வொரு தடவையும் சுவரை உடைக்கணும், பூசணும், டைல்ஸ் ஒட்டணும், பிளம்பருக்கும் கொத்தனாருக்கும் தனித்தனிக் கூலி. என்னைக் கேட்டா, முதல் கசிவிலேயே பணம் சேர்க்க ஆரம்பிச்சு, மொத்த லைனையும் ஒரே தடவையில் மாத்திடணும். பழைய பைப் சுவருக்குள்ளேயே கிடக்கட்டும். புதுசை வெளிச்சுவர் மேல இழுத்துக்கலாம். அழகு கொஞ்சம் குறையும், செலவு நிறையக் குறையும். சி.பி.வி.சி. பைப் வெயில் படுற இடத்தில் பெயின்ட் அடிக்கணும். ஹீட்டர் லைனுக்குச் சாதா பி.வி.சி. வேண்டவே வேண்டாம்.

பணத்துக்கு எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. வேலை எப்போ போகும்னு தெரியாது. பைப் போகப்போறது தெரியும். தெரிஞ்ச செலவுக்குத் தனி ஆர்.டி. உதாரணத்துக்கு 60,000 ரூபாய் வேலைன்னா மாசம் 5,000, ஒரு வருஷம். அதையே 16 சதவீத பெர்சனல் லோனில் ரெண்டு வருஷத்துக்கு எடுத்தா வட்டி மட்டும் சுமார் 10,500. ரிப்பேர் கடன் வட்டிக்கு வரிச் சலுகை இருக்கேன்னு கேட்பீங்க. குடியிருக்கிற வீட்டுக்குப் பழைய வரி முறையில் வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரைதான். புதிய முறையில் அதுவும் இல்லை. வீடு அப்பா பேரில் இருந்தா உங்களுக்கு எதுவுமே கிடைக்காது. வீட்டு இன்சூரன்ஸும் தேய்மானத்துக்குப் பணம் தராது.

வேலை ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு எலக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்க. சில பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணி பைப்பிலேயே கட்டியிருப்பாங்க. பிளாஸ்டிக் பைப் வந்ததும் அந்த எர்த் போயிடும், ஷாக் அடிச்சாதான் தெரியும். தனி எர்த் குழியும் ஒரு ஆர்.சி.சி.பி.யும் போட்ட பிறகுதான் அம்மா அந்த ஹீட்டர் ஸ்விட்சைத் தொடணும். அந்தச் செலவையும் இதே ஆர்.டி.யில் சேர்த்துக்கோங்க.