புரோகிராமர் என்றால் ஓவர்டைம் கிடையாதா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதன் விலையை விசாரிப்போம், வேகத்தை விசாரிப்போம். உள்ளே ஓடும் சாப்ட்வேரை எழுதியவர் எத்தனை மணி வரை கண் விழித்தார், அதற்குக் கூலி கிடைத்ததா என்று விசாரிப்பதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் இந்த வேலையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது நாம் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் மத்திய தொழிலாளர் சட்டம் 1938-ல் வந்தது. வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்பது அதன் பொது விதி. இதிலிருந்து சில வேலைகளுக்கு விலக்கு உண்டு. நர்ஸ், கணக்காளர், இன்ஜினியர் போன்றவர்களை விலக்கில் சேர்க்க வேண்டுமானால் அவர்களுக்கு நிலையான சம்பளம் தர வேண்டும். மணிக்கணக்கில் கூலி வாங்கும் நர்ஸுக்கு, கூலி எவ்வளவு அதிகமாக இருந்தாலும் ஓவர்டைம் உண்டு. நாள் கூலியாக ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்த எண்ணெய்க் கிணறு ஊழியர் ஒருவருக்கும் ஓவர்டைம் தர வேண்டும் என்று 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது.

ஆனால் புரோகிராமர், சிஸ்டம் அனலிஸ்ட், சாப்ட்வேர் இன்ஜினியர் ஆகியோருக்குத் தனி விதி. மணிக்கு 27.63 டாலர் கொடுத்துவிட்டால் போதும், ஒன்றரை மடங்கு தர வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 30 டாலர், வாரம் 50 மணி நேரம் வேலை. நர்ஸாக இருந்தால் 40 மணிக்கு 1200, மீதி 10 மணிக்கு 450, ஆக 1650 டாலர். புரோகிராமராக இருந்தால் 1500 டாலர்தான். வாரத்துக்கு 150 டாலர் நஷ்டம்.

இந்த 27.63 எங்கிருந்து வந்தது? 1990-ல் இந்த விலக்கு வந்தபோது, குறைந்தபட்சக் கூலியைப் போல் ஆறரை மடங்கு வாங்குபவருக்கே அது பொருந்தும் என்றார்கள். அப்புறம் குறைந்தபட்சக் கூலி 4.25 டாலர் ஆனது. அதன் ஆறரை மடங்குதான் 27.63. குறைந்தபட்சக் கூலியை உயர்த்திய 1996-ம் ஆண்டுச் சட்டம், இந்த எண்ணை மட்டும் அப்படியே ஆணி அடித்து வைத்துவிட்டது. 2009 முதல் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். பழைய கணக்குப்படி பார்த்தால் வரம்பு 47 டாலரைத் தாண்டியிருக்க வேண்டும்.

நன்றாகச் சம்பாதிப்பவருக்கு எதற்கு ஓவர்டைம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதம் 1990-ல் சரியாக இருந்திருக்கலாம். விலைவாசி ஏறி, வரம்பு மட்டும் ஏறாமல் நின்றால், அது நன்றாகச் சம்பாதிப்பவருக்கான விதியாக எப்படி இருக்கும்? கலிபோர்னியா மாநிலம் தன் வரம்பை ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்த்து உயர்த்துகிறது. 2025-ல் அது மணிக்கு 56.97 டாலர். மத்திய அரசும் இதையே செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு விஷயம். பதவியின் பெயர் எதையும் தீர்மானிக்காது. செய்யும் வேலைதான் முக்கியம். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர், போனில் உதவி சொல்லும் ஹெல்ப் டெஸ்க் ஊழியர் போன்றவர்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது. 'இன்ஜினியர்' என்று அடையாள அட்டை கொடுத்து அவர்களின் ஓவர்டைமைப் பறிக்க முடியாது. எச்-1பி விசாவில் போனவர்களுக்கும் இதே சட்டம்தான்.

அங்கே இருக்கும் உங்கள் பிள்ளைக்கு அடுத்த முறை போன் செய்யும்போது ஒன்று சொல்லுங்கள். எக்ஸெல்லில் ஒரு ஷீட் திறந்து, வேலைக்கு வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் தினமும் குறித்து வைக்கட்டும். பாக்கிக் கூலிக்கு வழக்குப் போட இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். முதலாளி தெரிந்தே ஏமாற்றியிருந்தால் மூன்று. கணக்கு கையில் இருந்தால்தான் நியாயம் கேட்க முடியும்.