சிறு பட்டறையின் பணத்தில் ஓடும் பெருந்தொழில்

மூலப்பொருள் வாங்குவதில் தொடங்கி, பாகங்கள் செய்து, ஒன்றிணைத்து, வாடிக்கையாளரிடம் சேர்ப்பது வரை பொருள், தகவல், பணம் ஆகிய மூன்றின் ஓட்டத்தையும் ஒழுங்குபடுத்துவதே விநியோகச் சங்கிலி மேலாண்மை. இம்மூன்றில் பொருளின் ஓட்டத்துக்காகப் பெரும் தொழிற்சாலைகள் கிடங்குகளையும் லாரிகளையும் நிமிடக் கணக்கில் கண்காணிக்கின்றன. தகவலின் ஓட்டத்துக்காகக் கோடிக்கணக்கில் செலவிட்டு மென்பொருள் நிறுவுகின்றன. பணத்தின் ஓட்டம் மட்டும் சங்கிலியின் மேல்முனையில் இருப்பவரின் வசதிக்கு விடப்பட்டிருக்கிறது. பாகம் ஒரு மணி நேரம் தாமதமானால் அபராதம் விதிக்கும் நிறுவனம், அந்தப் பாகத்துக்கான பணத்தை மூன்று மாதம் தாமதிப்பதை இயல்பான நடைமுறையாகக் கருதுமானால், அங்கே நடப்பது மேலாண்மை ஆகாது. சுமையை வலுவில்லாதவர் தலைக்கு மாற்றும் வேலை மட்டுமே. இந்த நிலையை மாற்றும் பொறுப்பு சட்டத்துக்கும் அரசுக்கும் மட்டுமின்றி, உற்பத்தி நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களுக்கும் உண்டு.

கோவையின் பம்பு, மோட்டார் உற்பத்தியும், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரங்களின் வாகன உற்பத்தியும் ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகளை நம்பியே நடக்கின்றன. இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மிஷினும் வைத்து ஷாஃப்ட் கடைந்து தரும் பட்டறையிலிருந்து, சில கோடி ரூபாய்க்கு சிஎன்சி இயந்திரங்களை வாங்கி நிறுத்தியிருக்கும் துணைத்தொழில் நிறுவனம் வரை இவை பல தரப்பட்டவை. ஒருசில பட்டறைகள் தாங்களே இரும்பு வாங்கிப் பாகமாகச் செய்து விற்கின்றன. மற்றவை, வாங்குபவர் அனுப்பும் பொருளைக் கூலிக்குக் கடைந்தும் துளையிட்டும் திருப்பித் தரும் ஜாப் ஒர்க் முறையில் இயங்குகின்றன. எந்த வகையானாலும் அவற்றின் செலவுகளுக்குத் தவணை கிடையாது. கூலி சனிக்கிழமை மாலைக்குள் தரப்பட வேண்டும். மின்கட்டணம் கெடு தேதி கடந்தால் இணைப்பு துண்டிக்கப்படும். சிறிய அளவில் இரும்பு வாங்குபவருக்குக் கடன் தர வியாபாரிகள் தயங்குவதால், பெரும்பாலும் பணம் கொடுத்த பின்னரே சரக்கு ஏற்றப்படும். ஜிஎஸ்டி வரியோ, பணம் வந்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை. 18 சதவீத வரி உள்ள பாகத்துக்கு 1 லட்சம் ரூபாய்க்குப் பில் போட்ட பட்டறை, தான் செலுத்திய உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொண்டு, எஞ்சியதை அடுத்த மாதமே அரசுக்குக் கட்டியாக வேண்டும். வாங்கியவரோ அந்த 18,000 ரூபாயை விற்றவருக்குத் தரும் முன்பே, தன் கணக்கில் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள முடியும். ஆக, பெரிய நிறுவனம் எடுத்துக்கொள்ளும் வரிச் சலுகைக்கான முன்பணத்தையும் சிறிய பட்டறையே போடுகிறது.

பில் பணமாக மாறும் பாதையை அருகிலிருந்து பார்த்தால், தாமதம் எங்கே பிறக்கிறது என்பது விளங்கும். சரக்கு தொழிற்சாலை வாயிலில் இறங்கியதும் டெலிவரி சலானில் முத்திரை விழுகிறது. பின்னர் அது ஸ்டோர்ஸில் தர ஆய்வுக்காகக் காத்திருக்கிறது. ஆய்வு முடிந்த பிறகுதான் ஜிஆர்என் எனப்படும் சரக்கு ஏற்புச் சீட்டு போடப்படுகிறது. அதன் பின் கொள்முதல் பிரிவு அதை ஆர்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கணக்குப் பிரிவுக்கு அனுப்ப, அங்கே மாதத்தில் குறிப்பிட்ட தேதிகளில் மட்டும் பணம் விடுவிக்கப்படுகிறது. ஒப்பந்தத்தில் கண்ட 60 நாள், 90 நாள் என்னும் கெடுவைப் பல நிறுவனங்கள் ஜிஆர்என் தேதியிலிருந்தோ, பில் கணக்கில் ஏறிய தேதியிலிருந்தோதான் எண்ணத் தொடங்குகின்றன. முத்திரை விழுந்த நாளுக்கும் எண்ணிக்கை தொடங்கும் நாளுக்கும் இடையே கழியும் வாரங்கள் எந்த ஒப்பந்தத்திலும் இடம்பெறுவதில்லை.

சட்டம் இதை முன்கூட்டியே உணர்ந்திருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு மற்றும் சிறு நிறுவனங்களிடம் வாங்குபவர், எழுத்துவழி ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது; ஒப்பந்தம் இல்லையெனில் கெடு 15 நாள்தான். சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்துவழி ஆட்சேபம் தெரிவிக்கப்படாவிட்டால், அது வந்து சேர்ந்த நாளே ஏற்கப்பட்ட நாளாகக் கொள்ளப்படும். அதாவது, ஜிஆர்என் எப்போது போடப்பட்டது என்பது சட்டத்தின் கண்ணில் பொருட்டே அல்ல. கெடு தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டியை மாதந்தோறும் அசலோடு சேர்த்துக் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும். முறையீட்டை, இதற்கென அமைந்த வசதியாக்கக் கவுன்சில் 90 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்றும், அதன் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் வாங்குபவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. ஏட்டளவில் இதைவிடக் கடுமையான பாதுகாப்பைக் கேட்பது கடினம்.

அப்படியிருந்தும் தாமதம் தொடர்வதற்குக் காரணம், இந்தப் பாதுகாப்பு முழுவதும் பாதிக்கப்பட்டவரின் புகாரைச் சார்ந்திருப்பதே. தன் உற்பத்தியில் பெரும்பகுதியை ஒரே நிறுவனத்துக்குத் தரும் பட்டறை, அந்த நிறுவனத்தின் மீது புகார் கொடுப்பதும் அடுத்த ஆர்டரை இழப்பதும் ஒன்றே என்று அறிந்திருக்கிறது. 2017-இல் தொடங்கப்பட்ட சமாதான் இணையதளம் புகார் செய்வதை எளிதாக்கியது. புகார் செய்தவரின் தொழிலுக்கு அதனால் காவல் கிடைக்கவில்லை. எனவே கூட்டு வட்டி என்பது பெரும்பாலும் வணிக உறவு முறிந்த பின்னர் மட்டுமே கேட்கப்படும் உரிமையாகச் சுருங்கிவிட்டது.

புகாரைச் சாராத வழியைத் தேடியதே 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம். வருமான வரிச் சட்டத்தில் அது சேர்த்த 43பி(எச்) பிரிவு, கெடு கடந்த பாக்கியை, பணம் உண்மையில் செலுத்தப்பட்ட ஆண்டில் மட்டுமே செலவாகக் கழிக்க முடியும் என்று விதித்தது. வரித்துறையே கேள்வி கேட்கும் என்பதால் கணக்குப் பிரிவுகள் விழித்துக்கொண்டன; தங்களிடம் விற்பவர்களில் யார் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு பெற்றவர் என்று நிறுவனங்கள் பட்டியல் எடுத்தன. ஆயினும் இப்பிரிவில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் வாங்கிய சரக்குக்கு அடுத்த மார்ச் 31-க்குள் பணம் கொடுத்துவிட்டால், பதினோரு மாதம் தாமதித்த நிறுவனத்துக்கும் அந்த ஆண்டிலேயே செலவுக் கழிவு கிடைத்துவிடுகிறது. நிதியாண்டின் கடைசியில் ஒருமுறை கணக்கை நேர் செய்ய வைப்பதே இப்பிரிவின் பலனாகிறது. ஆண்டு முழுவதும் சனிக்கிழமைதோறும் கூலி தர வேண்டிய பட்டறைக்கு அது போதாது.

டிரெட்ஸ் என்னும் மின்னணுத் தளங்களும் இவ்வாறே பாதி வழியில் நிற்கின்றன. விற்பவரின் பில்லை வாங்குபவர் இத்தளத்தில் ஏற்றுக்கொண்டதும், வங்கிகள் போட்டியிட்டு அதன் மீது தள்ளுபடி விகிதம் கூறுகின்றன. விற்பவருக்கு ஓரிரு நாளில் பணம் கிடைக்கிறது, வாங்குபவர் கெடு நாளில் வங்கிக்குச் செலுத்துகிறார். சிந்தனை சிறந்தது. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள் இதில் பதிவு செய்வதை 2024 நவம்பரில் மத்திய அரசு கட்டாயமாக்கியது. முன்பு அந்த வரம்பு 500 கோடியாக இருந்தது. ஆனால் பதிவு மட்டுமே கட்டாயம், பில்லை ஏற்பது கட்டாயமில்லை. வாங்குபவர் ஏற்காத பில்லுக்கு எந்த வங்கியும் விலை கூறாது.

தாமதத்துக்கு நிறுவனங்கள் கூறும் நியாயங்களில் முதன்மையானது, குறைந்த நடைமுறை மூலதனத்தில் இயங்குவதே திறமை என்பது. நடைமுறை மூலதனம் என்பது, இருப்பிலும் வரவேண்டிய பாக்கியிலும் முடங்கிக் கிடக்கும் பணம். அதைக் குறைப்பது திறமைதான். ஆனால் தன் ஏட்டிலிருந்து துடைத்து, விற்பவரின் ஏட்டில் எழுதுவதால் அது குறைந்துவிடுவதில்லை. பெரிய நிறுவனம் ஆண்டுக்கு 9 சதவீத வட்டிக்குக் கடன் பெறும் இடத்தில் சிறிய பட்டறை 12 சதவீதம் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 10 லட்சம் ரூபாய் பாக்கியை 60 நாள் சுமக்கப் பெரிய நிறுவனத்துக்கு ஆகும் செலவு சுமார் 15,000 ரூபாய்; பட்டறைக்கு ஆவது சுமார் 20,000 ரூபாய். இதற்கு மேல், 90 நாளைக் கடந்த பாக்கியைக் கடன் வரம்புக் கணக்கில் சேர்க்க வங்கிகள் வழக்கமாக மறுப்பதால், பணம் மிகத் தேவைப்படும் வேளையில் பட்டறையின் ஓவர்டிராஃப்ட் வரம்பும் சுருங்குகிறது. பட்டறைக்காரர் கந்துவட்டிக்குப் போகிறார், அல்லது தேய்ந்த கருவியை மாற்றாமல் ஓட்டுகிறார். அந்தத் தேய்மானம் ரிஜெக்‌ஷனாகவும், அவசரச் சரக்கு வாடகையாகவும், நின்றுபோன உற்பத்தி வரிசையாகவும் அதே பெரிய நிறுவனத்துக்குத் திரும்பி வருகிறது. சங்கிலியின் மொத்தச் செலவு கூடியதுதான் மிச்சம்.

தேவையான பாகம் தேவையான வேளையில் மட்டும் வந்து சேர வேண்டும் என்னும் ‘ஜஸ்ட் இன் டைம்’ முறையை முன்மாதிரியாகக் காட்டுவோர், அதைத் தோற்றுவித்த டொயோட்டா நிறுவனத்தின் வரலாற்றை முழுமையாகப் படிக்க வேண்டும். 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி, ஜப்பானின் கரியா நகரிலுள்ள ஐசின் செய்கி ஆலை தீயில் எரிந்தது. பிரேக் அழுத்தத்தைச் சமன் செய்யும் ‘பி வால்வு’ எனப்படும் சிறு பாகத்தை டொயோட்டாவுக்கு ஏறத்தாழ முழுவதுமாகத் தந்துவந்தது அந்த ஆலைதான். டொயோட்டாவிடம் இருந்த இருப்போ மிகக் குறைவு. கார் உற்பத்தி நின்றது. இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கைகோத்து அந்த வால்வைச் செய்ய முன்வந்தன. தையல் இயந்திரம் செய்யும் நிறுவனமும் அவற்றில் ஒன்று. சில நாட்களிலேயே வால்வுகள் வரத் தொடங்கி, உற்பத்தி மீண்டது. விலை பேசி முடிக்கும் வரை எவரும் காத்திருக்கவில்லை. பின்னர் ஐசின் அந்த நிறுவனங்களின் செலவை ஈடுசெய்தது. டொயோட்டாவும் தனக்கு நேரடியாகப் பாகம் தரும் நிறுவனங்களுக்கு அந்தக் காலாண்டு விற்பனையில் 1 சதவீதத்தை நன்றித் தொகையாக வழங்கியது. பணம் முறையாக வரும் என்ற நம்பிக்கை பல்லாண்டுகளாகக் கட்டப்பட்டிருந்ததால்தான் விலை பேசாமல் வேலை தொடங்கியது. இருப்பைக் குறைக்கும் கணக்கை மட்டும் இங்கே இறக்குமதி செய்துவிட்டு, அதைத் தாங்கி நின்ற நம்பிக்கையை விட்டுவிட்டால், அடுத்த வெள்ளத்திலோ கப்பல் தடங்கலிலோ உதவிக்கு வருவதற்கு எவருக்கும் கடமையும் இராது, வலுவும் இராது.

எங்கள் வாடிக்கையாளரே எங்களுக்குத் தாமதமாகத்தான் தருகிறார் என்பது இரண்டாவது நியாயம். இதில் ஓரளவு உண்மை உண்டு. அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கூடத் தாமதிப்பவர்களில் அடங்கும். அதனாலேயே சீர்திருத்தம் மேலிருந்து தொடங்க வேண்டும். தன் பாக்கியைத் தீர்க்காத அரசு, தனியாரிடம் 45 நாள் விதியைக் கேட்கும் தார்மிக உரிமையை இழக்கிறது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவதாக, கெடுவின் எண்ணிக்கையை ஜிஎஸ்டி இணையதளத்தோடு இணைக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் அத்தளத்திலுள்ள இன்வாய்ஸ் மேலாண்மை வசதியில், விற்பவர் ஏற்றிய பில்லை வாங்குபவர் ஏற்கவோ மறுக்கவோ முடிகிறது. சரக்கைப் பெற்றுப் பில்லை ஏற்று வரி வரவையும் எடுத்துக்கொண்ட பிறகு, ஜிஆர்என் இன்னும் போடவில்லை என்று கூற எவருக்கும் இடமில்லை. இரண்டாவதாக, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் வரி வரவைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று இப்போது ஜிஎஸ்டி சட்டத்தில் உள்ள கெடுவை, குறு மற்றும் சிறு நிறுவனங்களின் பில்லுக்கு மட்டும் 45 நாளாகக் குறைக்க வேண்டும். இதற்குப் புகார் தேவையில்லை, பட்டறையின் பெயர் வெளிப்படத் தேவையில்லை, மார்ச் மாதம் வரை காத்திருக்கவும் தேவையில்லை. மூன்றாவதாக, 45 நாளைக் கடந்த பாக்கிகளைப் பற்றி 2019 முதல் நிறுவனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுவன விவகார அமைச்சகத்திடம் தாக்கல் செய்யும் அறிக்கையை, எவரும் தேடிப் பார்க்கும் வகையில் நிறுவன வாரியாக வெளியிட வேண்டும். பிரிட்டனில் 2017 முதல் பெரிய நிறுவனங்கள் தாங்கள் எத்தனை நாளில் பணம் தருகின்றன என்பதை ஆண்டுக்கு இருமுறை அரசுத் தளத்தில் வெளியிட்டாக வேண்டும். அங்கே சிறிய நிறுவனம் ஆர்டர் எடுக்கும் முன்பே வாங்குபவரின் வழக்கத்தைப் பார்த்துக்கொள்ள முடிகிறது.

கெடு இறுகினால், குறு, சிறு நிறுவனங்களை விட்டுவிட்டு நடுத்தர நிறுவனங்களிடம் வாங்கத் தொடங்குவார்கள் என்ற அச்சம் 43பி(எச்) வந்தபோதே எழுந்தது, அது புறக்கணிக்கத்தக்கதல்ல. அதற்கு விடை, கெடுவைத் தளர்த்துவதில் இல்லை. சட்டத்தின் காப்பை நடுத்தர நிறுவனங்களுக்கும் விரித்து, எவரிடம் வாங்கினாலும் காலத்தில் பணம் தர வேண்டும் என்று ஆக்குவதிலேயே இருக்கிறது.

சட்டத்துக்குக் காத்திராமல் நிறுவனங்களே இன்று செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. கொள்முதல் அதிகாரியின் செயல்திறனை, எவ்வளவு விலை குறைத்தார், எத்தனை நாள் கடன் பெற்றார் என்ற இரு அளவுகளால் மட்டுமே மதிப்பிடும் வழக்கத்தைக் கைவிட்டு, எத்தனை பில்கள் கெடுவுக்குள் தீர்ந்தன என்பதை மூன்றாவது அளவாக நிர்வாகக் குழு ஒவ்வொரு காலாண்டும் கேட்க வேண்டும். பாகம் காலத்தில் வர வேண்டும் என்று கேட்கும் உரிமை, பணத்தைக் காலத்தில் தருபவருக்கே உண்டு.