கடலும் கோடையும்

1898ஆம் ஆண்டு, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், மார்ட்டினஸ் பெயெரிங்க் தேமல் நோய்கண்ட புகையிலை இலைகளைப் பிழிந்து, அந்தச் சாற்றைப் பீங்கான் வடிகட்டியில் வடித்தார். பக்டீரியா எதுவும் ஊடுருவ முடியாத வடிகட்டி அது. வடிந்த சாற்றை நல்ல செடிக்குள் செலுத்தினார். செடி நோயுற்றது. அதன் சாறு அடுத்த செடியையும் பிடித்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ரஷ்யாவில் திமித்ரி இவனோவ்ஸ்கி இதே சோதனையைச் செய்திருந்தார். ஆனால் இது பக்டீரியா அல்ல, உயிருள்ள செடிக்குள் மட்டுமே பெருகும் வேறொன்று என்று துணிந்து சொன்னவர் பெயெரிங்க். வைரஸ் பற்றிய அறிவு அங்கே, ஒரு தோட்டப் பயிரின் இலையிலிருந்து தொடங்கியது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அந்த டெல்ஃப்ட் நகரின் பெயரைத்தான் அதை ஒட்டிய தீவகத்தில் நெடுந்தீவுக்கு இட்டிருந்தார்கள். வேலணைக்கு லெய்டன், நயினாதீவுக்கு ஹார்லெம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம். பெயரைத் தந்த ஊரில் புகையிலை நோயின் இரகசியம் அவிழ்ந்த காலத்தில், பெயரைப் பெற்ற தீவுகள் சூழ்ந்த யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் புகையிலையே பணப்பயிராக இருந்தது. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் வரை சந்தை இருந்தது. பல வீடுகளின் கல்லும் கூரையும் படிப்பும் சீதனமும் அந்த இலையிலிருந்து வந்தவை.

புகையிலை கையால் வளர்க்கும் பயிர். நாற்றைப் பிடுங்கி நடுவது கை; நுனி முறிப்பது கை; பக்கத் தளிர்களை ஒடிப்பதும் கை. தேமல் நோயின் வைரசுக்குப் பூச்சி வேண்டியதில்லை, அந்தக் கையே போதும். நோய்ச் செடியைத் தொட்ட விரல் அடுத்த செடியின் தளிரை ஒடிக்கும்போது வைரஸ் புதுக் காயத்தில் இறங்கிவிடும். காய்ந்த புகையிலையிலும் அது ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடிருக்கும். வாயில் புகையிலையைக் குதப்பியபடி தோட்டத்தில் இறங்கியவர், அறியாமலேயே தன் பயிருக்கு நோயை ஏற்றிவிடலாம். இத்தனையையும் ஆய்வுகூடம் கண்டுபிடித்தது. கண்டுபிடிக்காத ஒன்று, நோயுற்ற செடியைக் குணமாக்கும் மருந்து. நூற்றிருபது ஆண்டுகளுக்குமேல் ஆகியும் பயிர் வைரஸ் எதற்கும் தோட்டத்தில் தெளித்துக் குணமாக்கும் மருந்து இல்லை. நோய் எதிர்க்கும் இனத்தை நடலாம், நோய் கண்ட செடியைப் பிடுங்கலாம், காவும் பூச்சியைக் குறைக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னதாக, அதை உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி வழியைப் பற்றித்தான் தீவகத்தை முன்வைத்து எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் நாம் இதுவரை பெரும்பாலும் மருந்தை நம்பியே வந்திருக்கிறோம்.

1970களின் முதற்பாதியில் இறக்குமதி இறுக்கப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறையை நிமிர்த்தின. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் அந்த விலை போனது. அதற்குள் மருந்து அடிக்கும் பழக்கம் ஊறிவிட்டிருந்தது. மிளகாய்க் குருத்து சுருண்டால் போதும், தெளிகருவி தோளில் ஏறும். குருத்துச் சுருளப் பனிப்பூச்சி காரணமாகலாம், சிற்றுண்ணி காரணமாகலாம், வெண் ஈ கொண்டுவந்த வைரசும் காரணமாகலாம். தூர நின்று பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். பூச்சிக்கு அடிக்கும் மருந்து சிற்றுண்ணியைத் தின்னும் உயிர்களைக் கொன்று சிற்றுண்ணியைப் பெருக்கும். வைரசையோ அது தொடவே தொடாது. ஆனாலும் அடித்தார்கள். அடிக்கச் சொன்னவர்கள் இருந்தார்கள், கடன் கொடுத்து மருந்து விற்றவர்கள் இருந்தார்கள்.

‘பொலிடோல்’ என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஊர்களில் பலருக்கு ஒரு மரண வீடு நினைவுக்கு வரும். பயிரைக் காக்க வாங்கி வீட்டுக் கோடியில் வைத்த போத்தல், ஒரு கணக் கோபத்திலும் துயரத்திலும் கைக்கு எட்டியது. பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1980இல் வந்தது. 1984இல் பரத்தியன், 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ், 1998இல் எண்டோசல்பான் என்று கொடிய மருந்துகள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. 1995ஐ ஒட்டி இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் உச்சத்தைத் தொட்ட இலங்கையின் தற்கொலை வீதம், அடுத்த பத்தாண்டுக்குள் பாதியாகக் குறைந்தது. அதனால் நாட்டின் விளைச்சல் சரியவில்லை. இந்நாட்டின் விவசாய வரலாற்றில் இதைவிடப் பெரிய வெற்றி வேறில்லை என்பது என் எண்ணம். இதைப் பெருமையாகப் பேசுவோர் குறைவாக இருப்பது வருத்தமே. 2021 மே மாதத்தில் அரசு இரசாயன உர, மருந்து இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தி, நவம்பரில் பின்வாங்கியதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னது நஞ்சு நஞ்சாகப் பார்த்து, மாற்று இருக்கிறதா என்று கேட்டு எடுத்த முடிவு. பின்னது யாரையும் கேட்காதது.

வடக்குக்கு அந்தத் தடை புதிதல்ல. 1990களில் உரமும் மருந்தும் மண்ணெண்ணெயும் போர்த்தடைக்குள் அகப்பட்டு, யாழ்ப்பாணத்தார் குழை தாழ்த்தும் பழைய வழிக்குத் திரும்பினார்கள். பூவரசு, கிளுவை, வேம்பு வெட்டி மண்ணுக்குள் புதைத்தார்கள். தீவகத்திலோ தோட்டஞ்செய்ய ஆளே இல்லை. 1990, 91இல் தீவுகள் இராணுவத்திடம் வீழ்ந்தபோது ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். வயல் ஆண்டுக்கணக்கில் தரிசாகக் கிடந்தது. எங்கும் போரில் விழுந்த பனையும் தென்னையும் கிடந்து உக்கின. உக்கிய தண்டுதான் காண்டாமிருக வண்டின் புழு வளரும் இடம். துப்பாக்கி ஓய்ந்தபின் மிஞ்சிய மரங்களின் குருத்தைக் குடைய வண்டு காத்திருக்கும் என்பதை எந்த மீள்குடியேற்றத் திட்டமும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதே வண்டு 1909இல் இலங்கையிலிருந்து கப்பலேறிய இறப்பர் கன்றுகளோடு சமோவாத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பசிபிக் தீவுகள் பலவற்றின் தென்னைகளைச் சூறையாடியது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகுதான் விமோசனம் வந்தது, அதுவும் ஒரு வைரசால். 1963இல் மலேசியாவில் அலோய்ஸ் ஹூகர் இந்த வண்டைப் பிடிக்கும் வைரஸ் ஒன்றைக் கண்டார். 1967இல் அது சமோவாவில் விடப்பட்டது, வண்டு அடங்கியது. மரவள்ளியின் கதை இன்னும் அண்மையது. இலங்கையின் பெயரையே தாங்கிய மரவள்ளித் தேமல் வைரஸ் 2015இல் கம்போடியாவில் காணப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் வியட்நாம், தாய்லாந்து, லாவோஸ் என்று பரவியது. வெண் ஈயும் காவும், ஆனால் நெடுந்தூரம் கொண்டுபோவது மனிதர் வெட்டிக் கட்டும் மரவள்ளித் தடிதான்.

கடல் எல்லாவற்றையும் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. படைப்புழுவின் அந்து ஓரிரவில் நூறு கிலோமீற்றர் பறக்கக்கூடியது. 2018 மே மாதம் கர்நாடகாவில் கண்ட அந்தப் புழு அதே ஆண்டு இலங்கைச் சோளத்தில் இருந்தது. நெல்லின் அறக்கொட்டியான் காற்றோடு கடல் தாண்டும். ஆனால் வண்டும், மரவள்ளி வைரசும், பழ ஈயும், நாற்றில் ஒட்டிய வெண் ஈயும் பெரும்பாலும் நம் பெட்டியிலும் கூடையிலும் ஏறித்தான் வருகின்றன. அவற்றுக்குக் கடல் ஒரு வேலி. வேலிக்குப் படலை வைப்பது நம் வேலை. ஊர்காவற்றுறைக்கு அருகே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையைப் பிரித்தானியர் ஒரு காலத்தில் தொற்றுநோய் மருத்துவமனையாக வைத்திருந்தார்கள். மனித நோய்க்கு அந்த எச்சரிக்கை இருந்தது. பயிருக்கு 1924இன் பயிர்ப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1999இன் 35ஆம் இலக்கச் சட்டமும் நாட்டின் எல்லையை நோக்கி நின்றன. உள்நாட்டுக்குள் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகும் படகை எவரும் அப்படிப் பார்த்ததில்லை.

ஒக்கினாவாவில் பார்த்தார்கள். பாகல், பூசணி, வெள்ளரிக்குள் முட்டையிட்டு அழுகவைக்கும் ஈ 1919இல் ஜப்பானின் தென்கோடித் தீவுகளில் காணப்பட்டு, பிறகு ஒக்கினாவா வரை ஏறியது. நம் பந்தலில் பாகற்பிஞ்சை வளைத்து வெம்பவைக்கும் அதே ஈதான். ஒக்கினாவாக்காரர் உயிராய் நேசிக்கும் பாகற்காயைப் பெருநிலத்துக்கு அனுப்ப முடியாமல் போனது. 1972இல் குமே என்ற தீவைத் தெரிந்தெடுத்துத் தொடங்கினார்கள். முதலில் பொறியும் நஞ்சுணவும் வைத்து ஈயைக் குறைத்தார்கள். பிறகு ஆய்வுகூடத்தில் வளர்த்து, கதிரியக்கத்தால் மலடாக்கிய ஆண் ஈக்களைப் பெருவாரியாக விட்டார்கள். இணை சேர்ந்தும் முட்டை பொரிக்கவில்லை. 1978இல் குமேயில் அந்த ஈ இல்லை என்று அறிவித்தார்கள். தீவு தீவாகச் சென்று, 1993இல் தென்கோடி வரை முடித்தார்கள். விட்ட ஈக்கள் ஐயாயிரம் கோடிக்கும் மேல். குமேயின் பரப்பு ஏறத்தாழ 60 சதுர கிலோமீற்றர். நெடுந்தீவு ஏறத்தாழ 50.

நமக்கு ஜப்பானின் பணம் இல்லை. மலட்டு ஈ வளர்க்கும் ஆலையை நாளைக்கே கேட்க முடியாது. ஆனால் முதற்படிக்கு ஆலை வேண்டாம். ஆண் ஈயை ஈர்க்கும் மணப்பொறி, நஞ்சுணவு, விழுந்த வெம்பற்காயை அன்றன்றே ஆழப் புதைப்பது ஆகிய மூன்றையும் ஒரு தோட்டம் மட்டும் செய்தால் பயன் குறைவு, பக்கத்துத் தோட்டத்து ஈ வந்துவிடும். ஒரு தீவு முழுவதும் சேர்ந்து செய்தால் வெளியிலிருந்து வரும் ஈ சொற்பம். தீவுக்கு இயற்கை தந்த அனுகூலம் இதுதான்.

எல்லாத் தீவுக்கும் அது இல்லை. பண்ணைப் பாதையால் வேலணை குடாநாட்டோடு ஒட்டிவிட்டது, புங்குடுதீவு வேலணையோடு. கடல் சூழ்ந்து எஞ்சியவை நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு. நயினாதீவுக்கு நாகபூசணி அம்மனையும் நாகவிகாரையையும் நாடி ஆண்டு முழுதும் பக்தர்கள் வருகிறார்கள். அன்னதானக் காய்கறியும் அர்ச்சனைப் பழமும் நாள்தோறும் படகேறுகின்றன. அந்தக் கதவை எவரும் சாத்தமுடியாது, சாத்தவும் கூடாது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஒரு மணிநேரம் தள்ளிக் கிடக்கும் நெடுந்தீவுதான் இதற்கு ஏற்றது.

நெடுந்தீவுக்கு இன்னொரு காவலும் இருந்தது: அதன் கோடை. மாரி மழையில் நெல்லும் வரகும் சாமையும், பிறகு கிணற்றடியில் சிறு தோட்டம். சித்திரை, வைகாசிக்குப் பின் பனையையும் பற்றையையும் தவிரப் பச்சை அருகிவிடும். உப்புநீரின் மேல் மெல்லிய படலமாய் மிதக்கும் நன்னீரை அதற்குமேல் இறைத்தால் கிணறு உவர்ப்பாகிவிடும் என்று முன்னோர் அறிந்திருந்தார்கள். நாம் அதை வறுமை என்றே பார்த்தோம். பயிர்நோயின் கணக்கில் அது பெரும் செல்வம். வெண் ஈ ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை எடுக்கும். நோயுற்ற செடி எதுவும் நிற்காத மூன்று மாதத்தில் நான்கு தலைமுறை வைரசை உறிஞ்ச இடமில்லாமல் கழியும். புது மழைக்கு நட்ட நாற்றைத் தேடி வரும் ஈ வெறும் வாயோடு வரும். டொமினிக்கன் குடியரசில் வெண் ஈ காவிய வைரசால் தக்காளித் தொழிலே அழியும் நிலை வந்தபோது, சட்டம் போட்டு ஆண்டில் மூன்று மாதம் அந்தப் பயிர்களை நிறுத்தி, இதே இடைவெளியைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். நமக்கு அது சும்மா கிடைத்தது.

குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் இறைப்பு யந்திரம் வந்ததும் அந்த இடைவெளி போனது. துலாவும் பட்டையும் வரம்பிட்ட பரப்பை யந்திரம் விரித்தது, ஒரு பயிரின் வாலில் அடுத்த பயிரின் தலை தொட்டது, நோய்க்கு ஆண்டு முழுதும் வீடு கிடைத்தது. இப்போது இந்திய நிதியுதவியோடு நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய, காற்று மின்திட்டம் நடக்கிறது. வேண்டிய திட்டம், மிகவும் பிந்தி வரும் திட்டம். தட்டுப்பாட்டிலும் தாகத்திலும் கிடந்த மக்களுக்கு இந்த மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் மின்சாரம் பெருகினால் மோட்டர் வரும், மோட்டரோடு கோடைப் பச்சை வரும், அந்தப் பச்சைக்கு நாற்று குடாநாட்டிலிருந்து படகேறி வரும். கடலும் கோடையும் ஒரே நேரத்தில் காவலை விடும்.

ஆகவே செய்ய வேண்டியது இந்த மின் வருமுன். கமநல சேவை நிலையமும் விவசாயிகளும் கூடி, ஆவணி தொடங்கி ஐப்பசி வரை மிளகாய், தக்காளி, பாகல் வகையைத் தீவில் எங்கும் நிற்க விடுவதில்லை என்று ஒரு முடிவுக்கு வரவேண்டும். அந்தக் காலத்தில் வருமானம் இழப்போருக்கு மாகாண சபை ஈடு கொடுக்க வேண்டும். பிறர் நன்மைக்காக ஒருவரைப் பட்டினி போட முடியாது. மிளகாய் விதையையும் மரவள்ளித் தடியையும் சோதித்து அனுப்ப ஒரு நாற்றுமேடை தீவுக்குள்ளேயே வேண்டும். அதில் தேறினால் நோயற்ற விதையைக் குடாநாட்டுக்குத் திருப்பி விற்கும் வாய்ப்பு நெடுந்தீவாருக்கு உண்டு. குறிகட்டுவான் இறங்குதுறையில் நாற்றும் கன்றும் ஏறும்போது பார்க்க ஒரு விவசாயப் போதனாசிரியர் வேண்டும். 2023 ஒக்டோபரிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் ஓடத் தொடங்கிய பின், அக்கரையில் பொள்ளாச்சித் தென்னையில் 2016இல் கண்ட சுருள் வெண் ஈ போன்றவற்றைப் பற்றி நினைக்காமலிருக்க முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் முன் ஒரு கணக்கெடுப்பு. கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்து மாணவர் சிலர், வருகிற கோடையில் நெடுந்தீவின் கிணற்றடித் தோட்டங்களில் பொறிகளைத் தொங்கவிட்டு, எந்த மாதத்தில் எத்தனை ஈ, எந்தப் பற்றையில் எந்த வைரஸ் என்று எழுதிவைக்கட்டும். மோட்டர்கள் ஓடத் தொடங்கிய பிறகு இந்தக் கணக்கை எடுக்க வழியில்லை.