உரலைத் தேடி வந்த கேமரா

எங்க தேவனூர் நாட்டுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வரணும். போன அறுவடையப்போ அப்படி ஏறி வந்த நாலு தம்பிகள் எங்க சாமைக்காட்டில் ரீல்ஸ் எடுத்தாங்க. அப்பாவைச் சட்டையைக் கழட்டச் சொன்னாங்க. என் பைக்கை மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால தள்ளி நிறுத்தச் சொன்னாங்க. அம்மாகிட்ட, "பாட்டி, உரல்ல குத்துற மாதிரி ஒரு ஷாட் வேணும்."

"மில்லுல தீட்டிக்கிறோம் கண்ணு, உரல் எதுக்கு?"

வீடு தேடி வந்தவங்க கேட்டுட்டாங்களேன்னு, மூலையில் கிடந்த உரலைக் கழுவிக் குத்திக் காட்டினாங்க. சாமைத் தோல் லேசில் கழண்டு வராது. நாற்பது வருஷம் விடிகாலையில் குத்திக் குத்தியே தோள்பட்டை போனவங்க எங்க அம்மா. வீடியோவுக்கு மேலே எழுதியிருந்தது: 'நாகரிகம் தீண்டாத மனிதர்கள்'.

அதைப் பார்த்ததும், 1905-இல் அமெரிக்காவில் எடிசன் கம்பெனிக்காக எட்வின் போர்ட்டரும் வாலஸ் மெக்கட்ச்சனும் எடுத்த 'தி வாட்டர்மெலன் பேட்ச்' ஞாபகம் வந்தது. ஊமைக் குறும்படம். கிராமத்துக் கறுப்பின மக்கள் தர்பூசணி திருடுறாங்க, குடிசையில் கூடித் தின்னுட்டு ஆடுறாங்க. வெள்ளைக்காரங்க வந்து குடிசையை அடைச்சுப் புகையில் திணறடிக்கிறாங்க. இதுதான் நகைச்சுவையாம்!

நிஜம் வேற. 1865-இல் அடிமை முறை ஒழிஞ்ச பிறகு அவங்கள்ல பலபேர் சொந்தமா தர்பூசணி போட்டு, வித்து, காசு பார்த்தாங்க. அது வெள்ளைக்காரங்க கண்ணை உறுத்துச்சு. அந்தப் பழத்தை வச்சே கேலி கிளப்பினாங்க. வெள்ளாமை செஞ்சவனைக் களவாணி ஆக்கின படத்தை, ஒரு விவசாயியா என்னால சிரிச்சுப் பார்க்க முடியலை.

எங்களை யாரும் திருடன்னு காட்டலை, வாஸ்தவம். அழகாத்தான் காட்டுறாங்க. ஆனா எங்க கணக்கு வழக்கு மட்டும் படத்தில் வராது. கட்டவெட்டிச் சாமையும் திருகுலாச் சாமையும் விளைஞ்ச மேட்டில் இப்போ மரவள்ளி ஏன் நிக்குது? கிழங்கு சேகோ ஆலைக்குப் போனா மொத்தமா பணம் கைக்கு வருது; சாமையில் வராது. இதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

லெனின் பாரதியோட 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) பார்த்திருப்பீங்க. ஏலக்காய் மூட்டை சுமந்து ஒரு துண்டு நிலம் வாங்கத் தவிக்கிறவரோட கணக்கு அதில் இருக்கு. அன்னிக்கு ராத்திரி அப்பா தூங்கவே இல்லை.

மறுபடி வர்றதா இருந்தா, தம்பிகளா, கிழங்கு லாரியில் எடை போடுற அன்னிக்கு வாங்க. அப்பா சட்டை போட்டுக்கிட்டுத்தான் நிப்பார்.